பலகை மட்டும் காப்பாற்றாது

(சர்வதேச கண்ணிவெடி விழிப்புணர்வு நாளான 2025 ஏப்ரல் 4 ஆம் திகதி மாலை, நமது சங்கத்தின் தோட்டக் கிளைக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)



1,700 ரூபா எப்போது கைக்கு வரும் என்று கேட்கத்தான் பலர் வந்திருப்பீர்கள். அதைப் பற்றித் தலைவர் எனக்குப் பிறகு பேசுவார். எனக்குக் கொடுத்த நேரத்தில் கண்ணிவெடியைப் பற்றிப் பேச அனுமதி வாங்கியிருக்கிறேன். "நம்ம தோட்டத்துல ஏது டீச்சர் கண்ணிவெடி?" என்று வாசலில் ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே குளவி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, மழைக்காலத்தில் மண்சரிவு இருக்கிறது. கண்ணிவெடி இல்லை. ஆனால் நம்முடைய சொந்தக்காரர்கள் குடியிருக்கும் ஊர்களில் அது இன்னும் இருக்கிறது.

இந்த ஆண்டு பாடசாலை தொடங்கியதும் தரம் 5 பிள்ளைகளுக்கு "என் விடுமுறை" என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். ஒரு பையன் முல்லைத்தீவில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனதை எழுதியிருந்தான். குளத்தில் குளித்தது, வண்டியில் போனது எல்லாம் எழுதிவிட்டு, "மாமா வீட்டுக்குக் கொஞ்சம் தூரத்தில் மண்டை ஓடு படம் போட்ட பலகை இருக்கு. நாங்கள் அதுக்கு கல் எறிந்து விளையாடினோம். நான் மூன்று தடவை அடித்தேன்" என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனாவோடு எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்த நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று அடுத்த நாள் கேட்டேன். "படிக்கல டீச்சர்" என்றான். அவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பவள் நான். அந்தப் பலகையை வாசிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அதனால்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

இன்னும் பத்து நாளில் சித்திரை வருஷப் பிறப்பு. பாடசாலை விடுமுறை. நம்மில் எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் பஸ் ஏறப் போகிறோம். அண்ணன் வீடு, சித்தி வீடு, சம்பந்தி வீடு. நம்முடைய ஆட்கள் அங்கே எப்படிப் போனார்கள் என்பதைப் பெரியவர்கள் அறிவீர்கள். சின்னவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1948 இல் பிரசாவுரிமையைப் பறித்தார்கள். 1958 கலவரத்தில் அடிபட்டோம். எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் பஞ்சம் வந்து, மாவுக்கும் மரவள்ளிக்கும் அலைந்த காலத்தில் சில குடும்பங்கள் வடக்கே நடந்தன. 1977 இல் மறுபடி கலவரம், 1981 இல், 1983 இல். ஒவ்வொரு தடவையும் லயத்தை விட்டு ஓடியவர்களில் ஒரு பகுதியினர் வன்னிக் காட்டு ஓரத்தில் குடியேறினார்கள். காந்தியம் அமைப்பு அவர்களுக்குப் பண்ணைகளில் இடம் கொடுத்தது. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அங்கெல்லாம் நம் தோட்டப் பேச்சைக் கேட்கலாம். முன்பு மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த நம் பாட்டன்மார் வழியில் எத்தனை பேரைப் பறிகொடுத்தார்கள் என்று பேசுகிறோம். பேரப்பிள்ளைகள் அதே திசையில் திரும்ப நடந்தார்கள். போன இடத்தில் அவர்களுக்குச் சொந்தமாக வயல் கிடையாது. மற்றவன் வயலில் கூலி; காட்டில் விறகு.

பிறகு அந்த நிலத்திலேயே போர் நடந்தது. 1996 இல் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனது. 1998 இல் புலிகள் திரும்பப் பிடித்தார்கள். 2009 சனவரியில் மறுபடி இராணுவம் பிடித்தது. ஆனையிறவு 2000 இல் கை மாறியது. கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று கரையிலிருந்து கரை வரை ஒரு முன்னரங்கு, தெற்கே ஓமந்தையில் இன்னொன்று. கோடு நகர நகர, இரண்டு பக்கத்தாரும் தங்களுக்கு முன்னால் மிதிவெடி புதைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிளாஸ்டிக் வெடிகள் ஒரு பக்கம். 'ஜொனி' என்ற மரப்பெட்டி வெடியும் 'ரங்கன்' என்ற வெடியும் மறுபக்கம். புதைத்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. எங்கே புதைத்தார்கள் என்ற விவரமும் அவர்களோடு போய்விட்டது.

மிதிவெடிக்குப் போர் முடிந்தது தெரியாது. பிளாஸ்டிக் உடம்பு துருப்பிடிக்காது. மரப்பெட்டி உக்கினாலும் உள்ளே இருக்கும் மருந்து அப்படியே இருக்கும். ஒரு சின்னப் பிள்ளை கால் வைத்தால் போதும். இது தவிர வெடிக்காமல் கிடக்கும் ஷெல், கைக்குண்டு, மோட்டார்க் குண்டு எல்லாம் உண்டு. மாரி மழையில் வெள்ளம் ஓடினால் மேல் மண் கரைந்து, புதைந்தது வெளியே வரும். சில சமயம் இடமும் மாறும். நேற்று நடந்த பாதை இன்றும் அதே பாதை என்று சொல்ல முடியாது.

இனி என் குடும்பத்துக் கதையைச் சொல்கிறேன். என் பெரியப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போனவர். அவருடைய மகனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கடைசிப் போரில் எல்லோரையும் போல முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் முகாமில் கிடந்து, 2010 இல் ஊர் திரும்பினார்கள். தகரக் கொட்டகை, ஆறு மாதத்துக்கு உலர் உணவு. அது முடிந்ததும் வேலை இல்லை. அந்தக் காலத்தில் பழைய இரும்புக்கு நல்ல விலை. உடைந்த வாகனம், ஷெல் கோது, பங்கருக்குப் போட்ட தண்டவாளம் என்று காடு முழுக்க இரும்பு கிடந்தது. 2011 இல் ஒரு காலை அண்ணன் சைக்கிளோடு போனார். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

பல வருடம் கழித்துத்தான் அவரிடம் கேட்கத் துணிந்தேன். "அங்க போர்டு இருக்கலியாண்ணே?" என்றேன். "இருந்திச்சி தங்கச்சி. சிவப்புக் கம்பும் நட்டிருந்தாங்க. தெரிஞ்சுதான் போனேன். வீட்டுல அரிசி இல்ல" என்றார்.

தோழர்களே, நான் இன்று சொல்ல வந்தது இதுதான். கண்ணிவெடியில் அடிபடுகிறவர்களை "கவனக்குறைவு", "எச்சரித்தும் கேட்கவில்லை" என்று பேசுகிறார்கள். பத்திரிகையிலும் அப்படித்தான் வருகிறது. என் அண்ணன் பலகையை வாசித்தவர். பலகைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அறிந்தவர். இந்தப் பக்கம் பசி இருந்தது.

இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதே, அப்போது என்ன சொன்னார்கள்? 2005 இலும் 2011 இலும் ஆபத்து என்று அறிவித்தோம், மக்கள் போகவில்லை என்றார்கள். எங்கே போவது? வேறு இடத்தில் காணி கொடுத்தார்களா, வீடு கட்டிக் கொடுத்தார்களா? ஆபத்து என்று ஒரு கடதாசியில் எழுதிக் கொடுப்பது எளிது. ஆபத்தான இடத்தை விட்டு விலகி வாழ வழி செய்து கொடுப்பதுதான் பாதுகாப்பு. மீரியபெத்தையில் நாம் கேட்ட அதே நியாயத்தை முகமாலைக்காகவும் கேட்க வேண்டும்.

வன்னியில் வெடி யாரைத் தேடிப் போகிறது என்று பாருங்கள். மாதச் சம்பளக்காரர் விறகுக்குக் காட்டுக்குள் போவதில்லை. பாலைப்பழக் காலத்தில் பழம் பொறுக்கி ரோட்டோரம் வைத்து விற்பவர் போகிறார். மாடு மேய்ப்பவர் மாட்டின் பின்னால் போகிறார். தேன் எடுப்பவர், இரும்பு பொறுக்குபவர், புதிதாகக் கிடைத்த காணியைத் தானே வெட்டித் துப்பரவு செய்பவர் போகிறார்கள். குப்பையைக் கூட்டி நெருப்பு வைத்தபோது கீழே கிடந்தது வெடித்த சம்பவங்களும் நடந்திருக்கின்றன. காணியற்ற கூலிக்காரர்தான் முதலில் அடிபடுகிறார். அவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர்.

தொழிற்சங்கக்காரர்கள் என்ற முறையில் இன்னொன்றையும் கவனியுங்கள். மலையில் வேலை செய்யும்போது விழுந்து கால் முறிந்தால், நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. கிடைப்பதற்கு எவ்வளவு அலைய வேண்டும் என்பது வேறு கதை. கேட்க ஒரு துரை, ஒரு கம்பனி இருக்கிறது. விறகு பொறுக்கப் போய்க் கால் போனவனுக்கு முதலாளி யார்? அவன் யாரிடம் கேட்பான்?

காலை இழப்பது ஒரு நாளில் முடிகிற காரியமும் இல்லை. அண்ணனுக்கு யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் செய்து கொடுத்தார்கள். இந்தியாவில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேத்தி என்ற மருத்துவரும் சேர்ந்து உருவாக்கிய கால் அது. வெறுங்காலோடு நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், குந்தலாம். நம்மைப் போன்ற உழைப்பாளிகளுக்கு ஏற்றது. ஆனால் அது தேயும். சில வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். சிறு பிள்ளை என்றால் பிள்ளை வளர வளர மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் பஸ் காசு, போய்வரும் நாட்களின் கூலி, பொருந்தாவிட்டால் புண். கால் போன அன்று வந்து படம் பிடித்தவர்கள் மூன்றாவது கால் மாற்றும்போது வருவதில்லை.

அண்ணனின் தங்கை, எனக்கு அக்கா. போரில் புருஷனை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். அவர் செய்யும் வேலை என்ன தெரியுமா? கண்ணிவெடி அகற்றுவது. இந்த வேலையில் அவரைப் போல விதவைகள், குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். 2002 போர்நிறுத்தத்தோடு ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற வெளிநாட்டு அமைப்புகள் வந்து இதைத் தொடங்கின. பிறகு டாஷ், ஷார்ப் என்ற உள்ளூர் அமைப்புகள் வந்தன. இராணுவத்தின் பிரிவும் செய்கிறது. 2010 இல் அரசாங்கம் தேசிய கண்ணிவெடி செயற்பாட்டு நிலையத்தை அமைத்தது.

அக்காவின் வேலையை நம் வேலையோடு வைத்துப் பார்த்தேன். நாம் விடியலில் பிரட்டுக்களத்துக்குப் போவது போல அவர்களும் வெயிலுக்கு முன் களத்தில் நிற்க வேண்டும். கனத்த அங்கி, முகத்தை மூடும் கண்ணாடிக் கவசம். ஒரு மீற்றர் அகலப் பாதைதான் ஒருவருக்கு. முழங்காலில் இருந்து புல்லை வெட்டி, கருவியைப் பிடித்து, சத்தம் வந்தால் பக்கவாட்டிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். சில இடத்தில் வாரி கொண்டு மண்ணை வாரி வாரிப் போக வேண்டும். பிளாஸ்டிக் வெடியில் இரும்பு மிகக் கொஞ்சம். ஆனால் போர்க்களத்தில் இரும்புத் துண்டுக்குக் குறைவில்லை. ஆணிக்கும் சத்தம் வரும், சன்னத்துக்கும் வரும். ஒவ்வொரு சத்தத்தையும் வெடி என்று நினைத்தே தோண்ட வேண்டும். "நாம கொழுந்துல கிலோ பாக்கிற மாதிரி இதுல அவசரப்பட ஏலாது" என்றார் அக்கா.

அவருடைய கவலை இரண்டு. வேலை நின்றுவிடுமோ என்பது ஒன்று. வேலை முடிந்தால் பிழைப்பு என்ன என்பது மற்றது. இந்த ஆண்டு சனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்தியபோது கண்ணிவெடி வேலைக்கான பணமும் நின்றது. அக்காவின் குழுவையும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கோ ஒரு மேசையில் வைத்த கையெழுத்தால் வன்னியில் ஒரு வீட்டு அடுப்பு அணைந்தது, நம் பையன் கல்லெறிந்த பலகையும் இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே நிற்கப் போகிறது.

கண்ணிவெடியைத் தடை செய்யும் ஒப்பந்தம் 1997 டிசம்பரில் கனடாவின் ஒட்டாவாவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. இலங்கை அதில் சேர இருபது ஆண்டுகள் எடுத்தது: 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது. 2018 சூனிலிருந்து அது நம்மைக் கட்டுப்படுத்துகிறது. பத்து வருடத்துக்குள், அதாவது 2028 சூனுக்குள், எல்லா நிலத்தையும் துப்பரவு செய்வதாக நாடு வாக்குக் கொடுத்திருக்கிறது. 2022 இல் நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தையும் நிறைவேற்றியது. இன்னும் மூன்று வருடமே இருக்கிறது. நமக்குக் கொடுத்த வாக்குறுதிகள் எத்தனை திகதி தாண்டின என்பது நமக்குத் தெரியும். ஆகவே இந்தத் திகதியை நாமும் எழுதி வைத்துக்கொள்வோம்.

இனி, வருஷப் பிறப்புக்கு வன்னிக்குப் போகிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். இன்று இரவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1. போய் இறங்கியதும் வீட்டுக்காரரிடம் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று கேளுங்கள். ஊர்க்காரர் தினமும் நடக்கும் பாதையில் மட்டும் நடங்கள். குறுக்கு வழி வேண்டாம்.

2. மண்டை ஓட்டுப் பலகை, சிவப்புக் கம்பு, கயிறு, நாடா எதையும் தாண்ட வேண்டாம், பிடுங்க வேண்டாம், கல் எறிய வேண்டாம். பலகை இல்லாத பாழ்நிலமும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். பழைய பங்கர், மண் அணை, கைவிட்ட வீடு, கிணறு ஆகியவற்றில் பிள்ளைகளை விளையாட விட வேண்டாம்.

3. தெரியாத பொருள் எதுவானாலும், பந்து போல இருந்தாலும் பெட்டி போல இருந்தாலும், தொடாதீர்கள், உதைக்காதீர்கள், நெருப்பில் போடாதீர்கள். வந்த வழியே திரும்பி வந்து, பெரியவர்களிடமும் கிராம அலுவலரிடமும் சொல்லுங்கள். 119 க்கு அழைத்துப் பொலிசுக்கும் அறிவியுங்கள்.

4. வெடி உள்ள இடத்துக்குள் வந்துவிட்டோம் என்று தெரிந்தால் அசையாமல் நில்லுங்கள். சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள். உதவி வரும் வரை அங்கேயே நில்லுங்கள்.

5. யாராவது அடிபட்டால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். இதுதான் செய்வதற்குக் கஷ்டம். தூக்கப் போன தகப்பனும் அடிபட்டால் அந்தக் குடும்பத்துக்கு இரண்டு இழப்பு. 1990 அம்புலன்ஸுக்கும் பொலிசுக்கும் அழையுங்கள். அடிபட்டவரோடு தூரத்திலிருந்தே பேசிக்கொண்டிருங்கள். அவருக்குக் கை அசைந்தால், இரத்தம் வரும் இடத்தைத் துணியால் இறுக்கி அழுத்தச் சொல்லுங்கள்.

இது நம் கையில் இருப்பது. நம் கையில் இல்லாததைச் சங்கமாகக் கேட்க வேண்டும். மாவட்டக் கிளைக்கு அனுப்ப இந்தத் தீர்மானங்களை முன்வைக்கிறேன்.

2028 திகதியை நிறைவேற்ற அரசாங்கம் தன் வரவு செலவுத் திட்டத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் நின்றால் வேலையும் நிற்கும் நிலை இருக்கக் கூடாது. நம் வாக்கில் போன நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையில் கேட்க வேண்டும். துப்பரவு செய்த நிலத்தில், காணியற்ற கூலிக் குடும்பங்களுக்கு உறுதியோடு காணி கொடுக்க வேண்டும். மூன்று தலைமுறை அங்கே உழைத்தும் கையில் கடதாசி இல்லாமல் இருக்கும் நம் ஆட்களும் அதில் அடக்கம். உறுப்பிழந்தவர்களுக்கு ஆயுள் முழுவதும் செயற்கைக் கால் மாற்றும் செலவையும் பயணச் செலவையும் அரசு ஏற்க வேண்டும். வெடி அகற்றும் தொழிலாளர்களுக்கு வேலை முடிந்தபின் மாற்று வேலை வேண்டும். நாட்டுக்காக முழங்காலில் நின்ற பெண்களை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கடைசியாக, தோட்டப் பாடசாலைகளில் ஒவ்வொரு விடுமுறைக்கு முன்னும் ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்க வேண்டும். என் வகுப்பில் நான் ஏற்கெனவே தொடங்கிவிட்டேன்.

அந்தப் பாடத்தின் முடிவில், கட்டுரை எழுதிய பையன் கை தூக்கினான். இப்போது அவனுக்குப் பலகையை வாசிக்கத் தெரியும். வருஷத்துக்கு மறுபடி மாமா வீட்டுக்குப் போகிறானாம். "டீச்சர், அந்த போர்ட எப்ப கழட்டுவாங்க?" என்று கேட்டான்.

"மாமா வீட்டு ஆட்கள் பயமில்லாமல் விறகு எடுக்கிற அன்றைக்கு" என்றேன். "அது எப்ப?" என்றான். அதற்குத் திகதியை நான் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவர்களிடம் கேட்கலாம். தீர்மானத்துக்குக் கை தூக்குமாறு உங்களைக் கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.